குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம்

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எங்கள் வீட்டு நிலவறையில் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்க முயன்றேன். அடிப்பாகம் தரையோடு தங்கிவிட, மேற்பாகம் மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தவை என் தந்தையார் சேர்த்து வைத்திருந்த சிற்றிதழ்கள். 'எழுத்து' இருபத்துமூன்று, 'கசடதபற' ஒன்பது, 'நடை' நான்கு, பிறகு பெயர் சொன்னால் நம்மில் சிலருக்கு மட்டுமே நினைவு வரக்கூடிய சில. அவர் மறைந்த பின், ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் புளிக்கும் அப்பளத்துக்கும் இடையே மூன்று நான்காகச் செருகி, ஏழெட்டு ஆண்டுகளில் கொண்டுவந்து சேர்த்தவை அவை. பெட்டி நேற்றோ முந்தாநாளோ நனைந்ததன்று. மாதக்கணக்கில் ஊறியிருக்கிறது. பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது.

மேலே பார்த்தேன். நிலவறைக் கூரையின் மரச்சட்டங்களுக்கிடையே ஓடும் செப்புக் குழாயில் ஒரு சிறு கவ்வி. அதிலிருந்து கால் அங்குல நெகிழிக் குழாய் ஒன்று தளத்தைத் துளைத்துக்கொண்டு சமையலறைக்குப் போகிறது. கவ்வியின் அடியில் ஒரு துளி திரண்டு, நிதானமாக வளர்ந்து, விழுந்தது. அடுத்த துளிக்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் குவளையை வைத்து அழுத்தினால் குளிர்ந்த நீரும் ஐஸ் துண்டுகளும் கொட்டுவதற்காக நான் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்ட இணைப்பு அது.

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா ஐயா? பிளம்பரைக் கூப்பிட்டோமா, காசைக் கொடுத்தோமா என்று விடவேண்டிய விஷயம்" என்றார். அவர் நல்ல கவிதை வாசகர். ஆனால் அவருடைய அந்த வாக்கியம்தான் என்னை எழுதவைக்கிறது. ஏனெனில் 2013-இல் நானும் அச்சு அசல் அதே வாக்கியத்தைத்தான் என் மனைவியிடம் சொன்னேன்.

நடந்தது இது. அந்த ஆண்டு பழைய பெட்டி செத்துப்போக, புதியது வாங்கினோம். கொண்டுவந்து இறக்கியவர்கள், சுவரில் ஏற்கெனவே நீர் வால்வு இருந்தால் இணைத்துத் தருவோம், புதிதாகக் குழாயைத் தொடமாட்டோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். உரிமம் பெற்ற பிளம்பர் கேட்ட தொகை எனக்கு அநியாயமாகப் பட்டது. தெரிந்தவர் மூலம் கைவேலை செய்யும் ஒருவர் வந்தார். குழாயை வெட்டவில்லை, பற்றவைக்கவில்லை. பிரதான நீரைக்கூட அடைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கவ்வியை எடுத்தார், குழாயின் மேல் பொருத்தினார், திருகினார். இருபது நிமிடத்தில் சமையலறையில் தண்ணீர் வந்தது. அன்று மாலை விருந்தாளிகளிடம் அந்த மனிதரின் திறமையை நான் வெகுவாகப் புகழ்ந்தேன்.

அந்தக் கவ்விக்கு சாடில் வால்வு என்று பெயர். குதிரையின் முதுகில் சேணம் போலக் குழாயின் மேல் உட்கார்ந்துகொள்வதால் வந்த பெயர். அதன் திருகின் நுனியில் ஓர் ஊசி இருக்கிறது. திருகத் திருக அது செம்பைக் குத்தித் துளையிடும். பின்னால் இழுத்தால் துளை வழியே நீர் பாயும். துளையைச் சுற்றி ஒரு சிறு ரப்பர் துண்டுதான் காவல். வீட்டுக் குழாய்களில் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 80 பவுண்டு வரை அழுத்தம் இருக்கும். அது இரவும் பகலும் அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக ரப்பர் இறுகும், சுருங்கும். மறுபுறம், ஊசித்துளை மிகச் சிறியது என்பதால் நீரிலுள்ள உப்பும் துகளும் சேர்ந்து அதை அடைக்கும். அவசரத்துக்கு மூடலாம் என்று திருகினால் முழுமையாக மூடாது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குழாய்ப்பணி விதித்தொகுப்புகளில் ஒன்று, நீர்க்குழாய்களில் சேண வகை இணைப்பையே கூடாது என்று விலக்கியிருக்கிறது. ஆயினும் கடைகளில் அது தாராளமாகக் கிடைக்கிறது. விதி ஒரு பக்கம், கடை அலமாரி ஒரு பக்கம்.

குழாயை வெட்ட மனமில்லாதவர்களுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட கருவி அது என்பது என் துணிபு. நானும் வெட்ட மனமில்லாதவன்தான். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் விற்றதை நான் விரும்பி வாங்கினேன். என் கேள்வி வேறு. பன்னிரண்டு மாதம் அல்ல, பல ஆண்டுகள் அந்தக் கவ்விக்குக் கீழே நடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூட ஏன் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை? காரில் எண்ணெய் அளவு பார்க்கத் தெரிகிறது, கணினி மெதுவானால் காரணம் தேடத் தெரிகிறது. நீர், சாக்கடை, கழிவு என்று வந்தால் மட்டும் நம் படிப்பாளிகளின் கண்கள் இயல்பாகவே வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. 'ஆள் வைத்துக்கொள்' என்பது நம் வீடுகளில் அறிவுரை மட்டுமல்ல. யார் எதைத் தொடலாம் என்று தலைமுறைகளாக வகுத்து வைத்ததன் மிச்சம் அதில் இருக்கிறது. கடல் கடந்தால் அது கரைந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

நனைந்த கதையை முடித்துவிடுகிறேன். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஆண்டுக்கு மூவாயிரம் காலனுக்கு மேல் வீணாகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்களுடையது அதில் முப்பதில் ஒரு பங்கு. நீர்க்கட்டணத்தில் தெரியாது. தரையில் தேங்காது. அட்டையும் காகிதமும் ஓசையில்லாமல் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு குழாய் வெடித்து வீடு மிதந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். காப்பீட்டுக்காரர்களும் திடீர் வெடிப்பையும் நாள்பட்ட கசிவையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறார்கள். நாள்பட்ட கசிவு பராமரிப்புக் குறை என்ற கணக்கில் போய்விடும். அதுவும் நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஈரக் காகிதத்தை என்ன செய்வது? என் மனைவி அலுவலகத் தோழி ஒருவரிடம் கேட்டாள். அவர் கல்லூரி நூலகத்தில் பணிபுரிபவர். அவர் சொன்ன முதல் வாக்கியம்: "பிரிக்காதீர்கள், உறையவையுங்கள்." நூல் பாதுகாப்பாளர்களிடையே இது நன்கு அறியப்பட்ட முறையாம். 1972-இல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் நூலகத்தை மூழ்கடித்தபோது நூல்களை உறையவைத்துத்தான் காப்பாற்றினார்கள். 1975-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பீட்டர் வாட்டர்ஸ் எழுதிய மீட்புக் கையேடு ஒன்றையே வெளியிட்டது. உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. அவசரமில்லாமல் ஒரு கட்டை எடுத்து, இளக்கி, இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொள்ளலாம். பளபளப்பான தாள்தான் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டி அட்டையாகிவிடும். நம் சிற்றிதழ்களோ கையில் காசில்லாதவர்கள் மட்டமான தாளில் அச்சடித்தவை. அந்த வறுமை அவற்றைக் காப்பாற்றிற்று.

ஆக, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியிலிருந்து ஐஸ் சேரும் தொட்டியை உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சி. சு. செல்லப்பாவின் பத்திரிகையை மெழுகுத்தாளில் சுற்றி அடுக்கினேன். எந்த ஐஸுக்காக இவை நனைந்தனவோ, அதே ஐஸின் இடம்.

அச்செழுத்துகள் பிழைத்துக்கொண்டன. அச்சுமை எண்ணெய் சேர்ந்தது, நீரில் கரையாது. அப்பாவின் குறிப்புகள் பிழைக்கவில்லை. அவர் ஓரங்களில் நீல மைப் பேனாவால் எழுதும் வழக்கமுடையவர். கட்டுரையாளரோடு சண்டை பிடிப்பார், 'இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போடுவார், சில இடங்களில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். இப்போது ஓரங்கள் வானத்தின் நிறத்தில் இருக்கின்றன. ஏதோ சொல்லப்பட்டிருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. இதழ்களை வேறெங்காவது தேடிப் பெறலாம். அந்த 'இல்லை'களை எங்கே போய்த் தேடுவது?

இனி இணைப்பே வேண்டாம் என்றாள் மனைவி. நியாயமான யோசனை. தண்ணீரை ஜாடியில் ஊற்றிக் குளிரவைத்தால் குளிராதா என்ன? ஐஸ் தட்டில் நீர் நிரப்பத் தெரியாதவர்களா நாம்? இன்னொரு நண்பர் இன்னும் மேலே போய், இத்தகைய சொகுசுகளே மனிதனை இயற்கையிடமிருந்து பிரிக்கின்றன என்று நீண்ட மடல் எழுதினார். வால்டன் குளத்தங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த தோரோவையும் சாட்சிக்கு அழைத்திருந்தார்.

அழைத்த இடம்தான் தவறு. நான் குடியிருப்பது பாஸ்டனுக்கு மேற்கே. வால்டன் குளம் காரில் இருபது நிமிடத் தொலைவு. அந்தக் குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் நூறு பேர் வந்து ஐஸ் வெட்டியதைத் தோரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். அது ஐஸ் வணிகத்தின் பொற்காலம். பாஸ்டன்காரரான ஃபிரெடெரிக் டியூடர் 1806-இல் மேற்கிந்தியத் தீவான மார்த்தினீக்குக்கு முதல் சரக்கை அனுப்பி, ஊரார் சிரிப்புக்கு ஆளாகி, கடன்பட்டு, சிறைக்கும் போய், பிறகு செல்வந்தரானவர். 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தில், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, 100 டன் அளவுக்குக் கரையாமல் போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பு? மரத்தூள், வைக்கோல், காற்றுப்புகாத அடுக்கு. அவ்வளவே.

அடுத்து சென்னை. கடற்கரைச் சாலையில் வட்ட முகப்போடு நிற்கும் கட்டடம் 1842-இல் இந்த ஐஸைச் சேமிக்கக் கட்டப்பட்டது. பிறகு அது பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்தது, 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், பின்னர் சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவையர் விடுதியாயிற்று, இப்போது விவேகானந்தர் இல்லம். இத்தனைக்குப் பிறகும் அந்த வட்டாரத்துக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்றே பெயர். மாசசூசெட்ஸ் குளங்களின் நீர் மெட்ராஸ் கனவான்களின் குவளையில் மிதந்த காலம் அது. தோரோவும் தன் நூலில் மெட்ராஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், கண்டிப்போடு அல்ல, ஒருவகை வியப்போடு. அவர் கிணற்று நீரும் கங்கை நீரும் கலப்பதாக அவருக்கு ஒரு கற்பனை. வால்டனில் அந்த ஆண்டு வெட்டி அடுக்கிய பத்தாயிரம் டன் குவியலில் பெரும்பகுதி விலைபோகாமலே கிடந்து, 1848 செப்டம்பர் வாக்கில் உருகி மீண்டும் குளத்துக்கே போயிற்று என்றும் எழுதியிருக்கிறார். ஐஸ் வேண்டாம் என்று சொல்லத் தோரோ சரியான ஆளல்லர். அவர் கவனித்தது அது எங்கிருந்து வருகிறது, யார் வெட்டுகிறார்கள், எங்கே போகிறது என்பதை.

அந்தக் கேள்வியை என் குவளைக்கும் போட்டுப் பார்த்தேன். எங்கள் குழாய்க்கு வரும் நீர் மேற்கே அறுபது மைலுக்கு அப்பால் உள்ள க்வாபின் நீர்த்தேக்கத்துடையது. 1930-களில் ஸ்விஃப்ட் ஆற்றை மறித்து அதைக் கட்டினார்கள். அதற்காக டானா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்கள் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி இல்லாமலாயின. முந்தைய இரவு என்ஃபீல்ட் நகர மன்றத்தில் ஊரார் கூடி விடைபெறும் நடனம் ஆடினார்கள். நள்ளிரவு மணி அடித்தபோது ஊர் முடிந்துபோயிற்று. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் மறுபடி புதைத்தார்கள். அணை நிரம்ப 1946 ஆயிற்று. இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும், கசிந்த ஒரு துளியின் பிறப்பிடத்தைத் தேடிய பிறகே இவை எனக்குத் தெரியவந்தன. அந்த நீரைத்தான் இதழ்களின் மேல் சொட்டவிட்டிருந்தேன்.

எனவே இணைப்பு வேண்டும், ஆனால் ஒழுங்கானது வேண்டும் என்று முடிவு செய்தோம். நானே செய்துவிடலாம் என்ற வீராப்பும் எழுந்தது. எங்கள் மாநிலச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. மாசசூசெட்ஸில் குழாய்ப்பணியை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும். சொந்த வீடு என்பதற்காக விலக்குக் கிடையாது. இம்முறை, முன்பு அநியாயம் என்று நினைத்த தொகையைக் கொடுத்து உரிமமுள்ள பிளம்பரை அழைத்தேன். அறுபதைத் தாண்டிய மனிதர். சாடில் வால்வைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். கைவிளக்கை என் கையில் கொடுத்தார்.

பிரதான வால்வை அடைத்தார். அது எங்கே இருக்கிறது என்று முதலில் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் பல ஆண்டுகளாக வாழ்பவன் நான்! குழாயில் மிச்ச நீரை வடித்து, ஊசி குத்திய பகுதியை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, ஒரு மூவழி இணைப்பைப் பற்றவைத்தார். அதில் கால் சுற்றில் திறந்து மூடும் பந்து வால்வு. அங்கிருந்து சமையலறைக்குச் செப்புக் குழாய். மேலே, பெட்டிக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில், இன்னொரு வால்வு. இணைப்பில் ஒரு மரையும் பித்தளை மோதிரமும் இருந்தன. மரையை இறுக்கும்போது மோதிரம் நசுங்கிக் குழாயைக் கவ்வுகிறது. நான் வெள்ளை நாடாவை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றார். அந்த வகை இணைப்பில் நீரைத் தடுப்பது மரையன்று, மோதிரம். மரை சுற்றி நாடா போட்டால் இறுக்கம் கெடுமே தவிரப் பயனில்லை. கடைசிப் பகுதிக்கு எஃகுக் கம்பி பின்னிய நெகிழ்குழாய். பெட்டியை முன்னே இழுக்க இடம் இருக்கவேண்டும் என்று அதில் ஆறடி உபரியாக விட்டு, மடியாமல் வளையமாகச் சுருட்டினார். அதன் நுனியைப் பெட்டியில் மாட்டும் வேலையை எனக்குத் தந்தார். கையால் இறுகும்வரை, பிறகு சாவியால் கால் சுற்று. நான் இன்னும் கொஞ்சம் என்று போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். மிகையாக இறுக்குவதால் நசுங்கிய ரப்பர் வளையங்களை மாற்றித்தான் தன் பிழைப்புப் பாதி ஓடுகிறது என்றார்.

வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. க்வாபின் நீரைப் பெருநகரங்களில் மிகச் சிலவே செய்வதுபோல வடிகட்டாமலே தருகிறார்கள். ஓசோனும் புறஊதாக் கதிரும் குளோரமினும்தான் காவல். பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி பெரும்பாலும் குளோரின் சுவையை நீக்குவது. வீட்டுக்கு வரும் பழங்குழாயில் ஈயம் இருக்கக்கூடும் என்று அஞ்சுகிறவர்கள் அட்டையில் 42 என்ற தரஎண் மட்டும் இருக்கிறதா, 53-உம் இருக்கிறதா, அதில் ஈயம் என்று தனியாகக் குறித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 42 சுவைக்கும் மணத்துக்குமானது. ஆறு மாதத்துக்கொருமுறை எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து நீர் கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். பொதுவாக அது நாளையோ ஓடிய நீரளவையோ எண்ணுகிறது, நீரைச் சோதிப்பதில்லை. புது வடிகட்டி மாட்டினால் சில காலன் நீரைக் கொட்டிவிடவேண்டும், கரித்தூள் வரும். முதல் நாள் ஐஸையும் அப்படியே.

இதையெல்லாம் தொலைபேசியில் கேட்ட சென்னைத் தம்பி, தானும் அப்படியொரு பெட்டி வாங்கலாமா என்றான். பத்து மீட்டர் உயர நீர்தான் 14 பவுண்டு அழுத்தம் தரும். அவனுடையது மொட்டைமாடித் தொட்டி, சமையலறைக்கு மேலே நான்கு மீட்டர்கூட இல்லை. இத்தகைய பெட்டிகள் பல 20 பவுண்டாவது கேட்பவை. தனியாக மோட்டார் வைக்காமல் வேலைக்காகாது. கதவிலேயே தொட்டி வைத்து நாம் நீர் ஊற்றிக்கொள்ளும் வகையை வாங்கிக்கொள் என்றேன். சற்று ஏமாற்றம் அவனுக்கு.

இப்போது மாதம் ஒருமுறை பெட்டியை இழுத்து, விளக்கடித்துப் பின்புறத்தைப் பார்க்கிறேன். மின்கடத்தியின் தூசி, ஒரு பென்சில், பேரக்குழந்தையின் காந்த எழுத்துகள், உலர்ந்த தரை. நெகிழ்குழாய் நெடுக ஒரு காகிதக் கைக்குட்டையைத் தடவிப் பார்ப்பதுண்டு, நனைகிறதா என்று.

ஆனால் ஐஸ் எந்திரத்தை இன்னும் ஓடவிடவில்லை. 'எழுத்து' எட்டு இதழ்கள் உறைபகுதியில் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று எடுத்து உலர்த்திவருகிறேன். இடைக்காலத்துக்குக் கடையில் இரண்டு நெகிழித் தட்டுகள் வாங்கியிருக்கிறோம், குழாயடியில் நிரப்பித் தளும்பாமல் கொண்டுவந்து மேல்தட்டில் வைக்கிறாள் மனைவி.